நாற்பது நாள் விளக்கு

தண்ணீரூற்றுக் கிராமத்தில் மஹ்றூப் முதலாளியின் வீட்டு விளக்குகள் மட்டும் தண்ணீரில் எரிந்தன. ஊர் அப்படித்தான் சொன்னது, அதில் பாதி உண்மையும் இருந்தது. வீட்டுக்குப் பின்னால், கிணற்றடிக்குப் பக்கத்தில், தென்னங்கிடுகு வேய்ந்த கொட்டிலுக்குள் இடுப்பளவு உயரத்தில் ஓர் இரும்புத் தொட்டி நின்றது. அதிலிருந்த தண்ணீருக்குள் காபைட் கல்லைப் போட்டால் சோடாப் போத்தல் உடைத்தது போலச் சீறிக்கொண்டு காஸ் வரும். அந்தக் காஸ் தொட்டிக்குள் கவிழ்த்திருந்த பீப்பாயில் சேர்ந்து, மண்ணுக்கடியில் புதைத்த குழாய் வழியாக முற்றத்தைக் கடந்து, சுவரேறி, வீட்டுக்குள் எட்டு விளக்காகப் பிரிந்து எரியும். வீட்டோடு ஒட்டிய கடையில் இரண்டு, விறாந்தையில் ஒன்று, மண்டபத்தில் இரண்டு, குசினியில் ஒன்று, அறைகளில் இரண்டு. சுடர் ஒவ்வொன்றும் வெள்ளை வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்ததுபோல நிற்கும். புகையில்லை, கரியில்லை. பொழுதுபட்டதும் ஒன்றும் வாங்காமலே கடைக்கு வந்து நிற்கிற கூட்டம் தனி.

முதலாளி இதை மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கொண்டுவந்தார். துரை பங்களாவுக்கு மின்சாரம் வந்துவிட்டது, பழைய காஸ் சாமானை ஏலத்தில் போட்டார்கள். எள்ளு விற்கப் போன மனுசன் இரும்புத் தொட்டியோடு திரும்பி வந்தார். மனைவி றாபியா லொறியைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள், ஒன்றும் பேசாமல் குசினிக்குள் போய்விட்டாள். இருபத்தேழு வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு, பேசிப் பயனுள்ள நேரமும் பயனில்லாத நேரமும் தெரியும்.

சாமானை வீட்டில் பூட்டித் தந்தவர், கள்ளப்பாடு என்ற கரையோர ஊரைச் சேர்ந்த அல்பேர்ட். திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரனின் வேர்க்‌ஷொப்பில் இருபது வருடம் குழாய் வேலை செய்துவிட்டு, வெள்ளைக்காரன் போனபோது தானும் ஊருக்கு வந்து மீன் வள்ளங்களுக்கு எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தவர். மெலிந்த, கதை குறைந்த மனுசன். ஒரு மூட்டுப் பூட்டினால் அதில் சவர்க்கார நுரையைப் பூசி, குமிழ் வருகிறதா என்று குந்தியிருந்து பார்ப்பார். முதலாளிக்குப் பொறுமை தீர்ந்துவிடும், அல்பேர்ட்டுக்குத் தீராது.

கடைசி நாள் அவர் எல்லாரையும் விறாந்தைச் சுவரடிக்குக் கூப்பிட்டார். பெண்கள் யன்னல் சீலைக்குப் பின்னால் நின்றார்கள். குழாய் மண்ணை விட்டுச் சுவரில் ஏறும் இடத்தில், நெஞ்சளவு உயரத்தில், பித்தளைச் சிமிழ் போல ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒரு சின்னக் கை நீட்டிக்கொண்டு நின்றது, கையின் நுனியில் ஈயக் குண்டு.

“இதுதான் சேவ்டி வால்வு” என்றார் அல்பேர்ட். “காஸ் வந்துகொண்டிருக்கும் மட்டும் இந்தக் கை மேல நிக்கும். காஸ் தீர்ந்தால் குண்டு விழுந்து வழி அடைபடும். பிறகு காஸ் வந்தாலும் தானாத் திறவாது, ஆள் வந்து தூக்க வேணும். தூக்க முன்னம் எட்டு விளக்கின்ர திருகும் பூட்டியிருக்க வேணும் முதலாளி. ஒண்டு திறந்து கிடந்தாலும், எரியாம நூர்ந்த விளக்கால காஸ் சும்மா வந்துகொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. பச்சை உள்ளி மணக்கும், அவ்வளவுதான்.”

உள்ளிப்பூண்டு மணம்தான் ஆபத்துக்கு அடையாளமென்றால் இந்த வீடு நித்தமும் ஆபத்தில்தான் இருக்கிறது என்று சீலைக்குப் பின்னால் றாபியா முணுமுணுத்தாள். பக்கத்தில் நின்ற மகள் ஜொஹறா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் வீட்டில் எல்லாரும் ஒரு வருடமாகக் காத்திருந்தார்கள். அதனால் காஸ் விளக்கின் மேல் றாபியாவுக்கு அன்றைக்கே ஒரு இரக்கம் பிறந்துவிட்டது.

பித்தளைச் சிமிழுக்குச் சேவ்டி வால்வு என்ற பெயர் ஒரு கிழமைகூட நிலைக்கவில்லை. கேட்டுக் கேள்வியில்லாமல் ஒருத்தரையும் உள்ளே விடாமல் வாசலிலே நிற்கிறபடியால் வீட்டார் அதற்கு ஊர் அதிகாரியின் பெயரை எடுத்து விதானையார் என்று பெயர் வைத்தார்கள். “விதானையார் விழுந்திட்டார்” என்றால் காஸ் தீர்ந்தது என்று அர்த்தம். உண்மையான விதானையார் ஒரு நாள் கடையில் நின்றபோது குசினியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. மனுசன் தன் காலைக் குனிந்து பார்த்தாராம்.

ஜொஹறா சிரிக்க மறந்திருந்ததற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்திய வருடம் அவள் பெற்ற முதற்பிள்ளை ஆறாம் நாள் விடியற்காலையில் போய்விட்டது. ஆண்பிள்ளை. றாபியா பக்கத்து அறையில் படுத்திருந்தவள், மகளின் விம்மல் கேட்டு ஓடிப்போனபோது அறை இருட்டாகக் கிடந்தது. மேசை விளக்கு நூர்ந்திருந்தது. பிள்ளை பெற்ற அறையில் நாற்பது நாளும் விளக்கு நூரக்கூடாது என்பது அந்தப் பக்கத்துப் பெண்களின் வழக்கம். மருத்துவிச்சி பாத்தும்மா முதல் நாளே சொல்லிவைத்திருந்தாள். எண்ணெய் பார்த்து விடவேண்டியது றாபியாவின் வேலை. அன்று நெல்லுக் குற்றிய அலுப்பில் அவள் பார்க்காமல் படுத்துவிட்டாள். ஒருத்தரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. பாத்தும்மாகூட வாய் திறக்கவில்லை. றாபியாவுக்கு அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

ஜொஹறா இரண்டாவது தரம் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தபோது றாபியா கணவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். எண்ணெய் தீராத விளக்கு வேண்டும். முதலாளி ஏன் எள்ளு விற்கப் போய் இரும்போடு வந்தார் என்பது இப்போது விளங்கும். இதை அவர் ஒருத்தருக்கும் சொல்லவில்லை, துரை வீட்டு வெளிச்சம் தன் வீட்டிலும் எரியவேண்டும் என்ற ஆசை என்றுதான் ஊரை நம்பவிட்டார்.

அறுபத்தோராம் ஆண்டு மார்கழி பிறக்க முன், மழைக்குள்ளே, ஜொஹறாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. வவுனியாவில் கடை வைத்திருந்த மருமகன் மஸாஹிர் வந்து பிள்ளையின் காதில் பாங்கு சொல்லிவிட்டு, வெள்ளிக்கு வெள்ளி வருவதாகச் சொல்லிப் போனான். அறை மூடப்பட்டது. வாடைக்காற்று உள்ளே வராமல் யன்னல் இடுக்குகளுக்குள் பழஞ்சீலை திணித்தார்கள். கதவுக்குத் தடித்த திரை போட்டார்கள். அந்தியானால் நெருப்புச் சட்டியில் சாம்பிராணி போட்டு அறைக்குள் கொண்டுபோய்ப் பிள்ளைக்கும் தாய்க்கும் புகை காட்டுவார்கள். சாப்பாடு உள்ளியும் மிளகும் மஞ்சளும் அரைத்த சரக்குக்கறி, உள்ளி போட்டுக் காய்ச்சிய பால், உள்ளிச் சோறு. நாற்பது நாளும் எந்த ஆணும் அந்த அறைவாசலைத் தாண்டக்கூடாது, வாப்பாவானாலும் சரி.

சுவரில் காஸ் விளக்கு பகலிலும் பொட்டளவாக எரிந்துகொண்டிருந்தது. ஆனால் எண்ணெய் தீராத விளக்கு என்று ஒன்று உலகத்தில் இல்லை. காபைட் கல்லும் தீரும். நாளுக்கொரு தரம், அஸர் தொழுகைக்கும் அந்தி மஃரிபுக்கும் நடுவில், தொட்டியைக் கழுவிப் புதுக்கல் போடவேண்டும். அப்போது விதானையார் விழுவார், எட்டு விளக்கும் நூரும். முதலாளி கல்லைப் போட்டுவிட்டு வீட்டைச் சுற்றி வந்து ஏழு திருகையும் தன் கையால் பூட்டிப் பார்ப்பார். எட்டாவது விளக்கு அவர் போகமுடியாத அறைக்குள் இருந்தது. அதற்காக விறாந்தைச் சுவரடியில் நின்று குரல் கொடுப்பார்.

“றாபியா, உள்ளுக்குப் பூட்டியாச்சோ?”

“ஓம், பூட்டியாச்சு.”

அது பொய். றாபியா அந்தத் திருகை ஒரு நாளும் பூட்டவில்லை. தன் கையால் அந்த அறை விளக்கை நூர்ப்பதா? தானாக நூர்ந்தது வேறு கதை, அது கல் தீர்ந்த கணக்கு. திருகைப் பூட்டினால் அது இவள் செய்தது. ஆகவே அவள் திருகைத் திறந்தபடி விட்டு, விளக்கடியில் நெருப்புக்குச்சியோடு நிற்பாள். வெளியே விதானையாரைத் தூக்குகிற ‘டொக்’ சத்தம் கேட்டதும் குச்சியைத் தட்டிக் குழாய் வாயில் பிடிப்பாள். ‘பப்’ என்று சுடர் நிற்கும். இருபத்தாறு நாள் ஒரு பிசகும் வரவில்லை. ஜொஹறா இதைப் பார்த்துக்கொண்டுதான் கிடந்தாள். இரண்டொரு தரம், பூட்டச் சொன்னவர் காரணமில்லாமல் சொல்லியிருப்பாரா உம்மா என்று கேட்டாள். நாற்பது முடியட்டும் என்று றாபியா சொல்லிவிட்டாள்.

இருபத்தேழாம் நாள் மழை விட்டு வெயில் கொஞ்சம் எட்டிப்பார்த்தது. மூன்று நாள் அடைமழையில் கொட்டிலின் கூரை ஒழுகி, காபைட் டிரம்முக்குள் ஈரம் பிடித்திருந்தது. ஈரம் பட்ட கல்லில் பாதிப் பலம் போய்விடும். அது ஒருத்தருக்கும் தெரியாது, ஆகவே அந்தியில் தீரவேண்டிய காஸ் மத்தியானம் திரும்பியதுமே தீர்ந்தது. றாபியா அப்போது குசினியில் இரவுக்கான சரக்கு வறுத்துக்கொண்டிருந்தாள். சட்டியில் உள்ளி பொரிந்துகொண்டிருந்தது. ஜொஹறா தலையிடி என்று மத்தியானச் சோற்றைத் தொடாமல் படுத்துவிட்டாள், அந்த உள்ளிச்சோறு கோப்பையோடு மூடியபடி குசினி உறியில் இருந்தது. கடையில் புதுக்குடியிருப்பிலிருந்து வந்த இரண்டு வண்டி நெல் இறக்கவேண்டியிருந்தபடியால் விதானையார் விழுந்ததைக் கண்ட முதலாளி அவசரமாகப் போய்க் கல்லைப் போட்டு, ஏழு திருகையும் பார்த்து, சுவரடியில் நின்று குரல் கொடுத்தார்.

“றாபியா, பூட்டியாச்சோ?”

அகப்பையை எடுக்காமலே, திரும்பிப் பாராமலே, அவள் சொன்னாள்.

“ஓம், பூட்டியாச்சு.”

இருபத்தாறு நாள் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிய சொல். நேரம் வேறு, இடம் வேறு என்பது அவளுக்குத் தோன்றவில்லை. ‘டொக்’ என்ற சத்தம் உள்ளி பொரிகிற சத்தத்துக்குள் அமிழ்ந்துபோயிற்று. முதலாளி நெல்லிறக்கப் போனார். றாபியா சட்டியை இறக்கினாள், தேங்காய் துருவினாள், பிள்ளையின் துணி தோய்த்துக் காயப்போட்டாள். வெயிலைக் கண்ட சந்தோசத்தில் பாயையும் வெளியே போட்டாள். ஒருதரம் எட்டிப்பார்க்க அறைத்திரையடி வரைக்கும்கூட வந்தாள். ஆனால் தாயும் பிள்ளையும் நல்ல நித்திரையாக இருப்பார்கள், எழுப்புவானேன் என்று நினைத்துத் திரும்பிப் போய்விட்டாள்.

பொழுது சாய்ந்தது. கிணற்றடியில் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூச் செய்துவிட்டு வந்து நெருப்புச் சட்டிக்குச் சிரட்டைக்கரி போட்டு ஊதினாள். கரி சிவந்ததும் சாம்பிராணித் தூளைக் கையில் அள்ளிக்கொண்டு, சட்டியைப் பிடிதுணியால் தூக்கியபடி மண்டபத்தைக் கடந்து அறைவாசலுக்கு வந்தாள். தோளால் திரையை ஒதுக்கினாள்.

உள்ளி மணத்தது.

அது ஒரு புதினமில்லை. அந்த அறை உள்ளி மணக்காத நாள் எது? ஒரு கால் நிலையைத் தாண்டிவிட்டது. ஆனால் சமைக்கிறவளின் மூக்கு வேறு. வறுத்த உள்ளி ஒரு மணம், பாலில் அவிந்த உள்ளி ஒரு மணம். இது பச்சை உள்ளி. அம்மியில் வைத்து அப்போதுதான் நசித்ததுபோல நெடி. பச்சை உள்ளி இந்த அறைக்குள் வந்ததேயில்லை. இன்றைய சோறுகூட வரவில்லை, அது உறியில் இருக்கிறது. தன் கையா என்றால், இப்போதுதான் வுளூச் செய்தது.

சுவரைப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை. அல்பேர்ட்டின் குரல் சீலைக்கு அப்பாலிருந்து கேட்டதுபோல இருந்தது.

றாபியா கத்தவில்லை. கத்தினால் கை நடுங்கும், நடுங்கினால் ஒரு தணல் விழும். தாண்டிய காலைப் பின்னுக்கு எடுத்தாள். சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முதுகை அறைக்குக் காட்டி, மண்டபத்தைக் கடந்து, குசினியைக் கடந்து, முற்றத்துக்கு நடந்தாள். சட்டியின் சூடு சட்டையைக் கடந்து தோலில் ஏறியது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஈர மணலில் சட்டியைக் கவிழ்த்து, வாளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றிய பிறகுதான் வாய் திறந்தாள்.

“இஞ்சேருங்கோ, நெருப்பு வைக்காதேங்கோ. விதானையாரை விழுத்துங்கோ.”

முதலாளி கடை விளக்கைக் கொளுத்த நெருப்புப் பெட்டியைக் கையில் எடுத்திருந்தார். அந்தக் குரலை அவர் ஒரேயொரு தரம்தான் முன்பு கேட்டிருக்கிறார், ஒரு வருடத்துக்கு முந்திய விடியற்காலையில். பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து குண்டைத் தட்டி விழுத்தினார். அதற்குள் றாபியா அறைக்குள் போய்ப் பிள்ளையை ஒரு கையிலும் மகளை மறுகையிலுமாக இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். நெல்லிறக்க வந்த வண்டிக்காரர் இருவரும் முற்றத்தில் நின்றார்கள். இருபத்தேழாம் நாளில், வாடைக்காற்றில், தலைமூடிகூட இல்லாமல் ஜொஹறா கிணற்றடிக்கல்லில் இருந்தாள். வண்டிக்காரர் மரியாதையாக மாடுகளின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பிள்ளை இரண்டு தரம் தும்மிவிட்டு, பிறகு ஊருக்கே கேட்கும்படி அழுதது. அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு றாபியா மணலில் இருந்துவிட்டாள்.

அன்றிரவு வீட்டில் மண்ணெண்ணெய் விளக்குத்தான் எரிந்தது. பாத்தும்மா வந்து, காற்றுப் பட்டதற்கு மருந்தரைத்துக் கொடுத்து, எல்லாரையும் ஒரு பாட்டம் ஏசிவிட்டுப் போனாள். முதலாளி விடிந்ததும் கள்ளப்பாட்டுக்கு ஆள் அனுப்பினார்.

அல்பேர்ட் பத்து மணிபோலச் சைக்கிளில் வந்தார். முதலாளி அவரைக் கதிரையில் இருக்கச் சொல்லவில்லை. வழக்கமாகத் தேத்தண்ணி கொடுக்காமல் வாசலில் ஒருத்தரையும் நிற்கவிடாத மனுசன் அவர்.

“உங்களை நம்பித்தான் இந்தச் சாமானை வீட்டுக்குள்ள வைச்சனான், அல்பேர்ட்” என்றார். “எட்டும் பூட்டிக் கிடந்தது. அப்ப காஸ் எங்கால வந்தது? உங்கட வேலையில பிழை இருக்கு. என்ர பேத்தியை நேற்று மையத்தாக் கண்டிருப்பன்.”

அல்பேர்ட்டின் முகம் கறுத்தது. அவர் பையைத் திறந்தார். விதானையாரைக் கழற்றி, உள்ளேயிருந்த தோல்வட்டைப் பார்த்து, ஊதி, திரும்பப் பூட்டினார். மூட்டு மூட்டாகச் சவர்க்கார நுரை பூசினார். ஒரு குமிழ் வரவில்லை. வெயிலில் நின்று திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார். இருபது வருட வேலையில் தன் கை விட்ட பிழை எது என்று தேடுகிற மனுசனின் முதுகு யன்னல் சீலைக்கூடாகத் தெரிந்தது. இல்லாத பிழையைத் தேடி ஒருவர் வேர்த்து வழிவதைப் பார்த்துக்கொண்டிருப்பது பெரிய பாவம். றாபியா பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லாவிட்டால் அல்பேர்ட் தன் பிழையென்றே ஒப்புக்கொண்டு போய்விடுவார், முதலாளியும் குழாயைப் பிடுங்கிவிடுவார், ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவராது. அந்த வசதி அவள் முன்னால் சோறுபோல விரிந்து கிடந்தது.

“அண்ணன்” என்றாள் சீலைக்குப் பின்னாலிருந்து. “தேடாதேங்கோ. உங்களில பிழையில்லை.”

இரண்டு ஆண்களும் யன்னலைப் பார்த்தார்கள்.

“அந்தத் திருகை நான் பூட்டேல்ல. நேற்று மட்டுமில்லை, ஒருநாளும் பூட்டேல்ல. இவர் கேக்கேக்க பூட்டினனான் எண்டு சொன்னனான். பொய்.”

“ஏன்?” என்றார் முதலாளி. கோபத்தை விட அதிசயம்தான் குரலில் இருந்தது.

“என்ர கையால நூர்க்க ஏலாமக் கிடந்தது” என்றாள் றாபியா. அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. முதலாளிக்குச் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. அவர் அல்பேர்ட்டுக்குக் கதிரையை இழுத்துப் போட்டார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது. தானே உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார், கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அந்தக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அல்பேர்ட் வாங்கிக் குடித்தார்.

நேற்று நெருப்புச் சட்டி உள்ளே போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று முதலாளி கேட்டார். வெடித்திருக்கும் என்றும் தன்னால் சொல்லமுடியாது, வெடித்திருக்காது என்றும் சொல்லமுடியாது என்றார் அல்பேர்ட். வேண்டுமானால் அந்த அறைக்குப் போகிற குழாயை வெட்டி அடைத்துவிடலாம், மற்ற ஏழும் எரியும் என்றார். பிறகு யன்னலைப் பாராமல், தேத்தண்ணியைப் பார்த்துச் சொன்னார்.

“அம்மா, இந்தச் சாமானுக்குக் கண்ணில்லை. அறைக்குள்ள என்ன கிடக்கெண்டு அதுக்குத் தெரியாது. நானும் உள்ளுக்கு வரேலாது, முதலாளியும் வரேலாது. உங்கட வாய்ச்சொல்தான் அதுக்குக் கண். அதை நம்பித்தான் நாங்கள் தூக்கிறம்.”

வெட்டுவதா விடுவதா என்பதைப் பின்னேரம் சொல்லி அனுப்புவதாக முதலாளி சொன்னார். அல்பேர்ட் போனார். றாபியா சோற்றைப் போட்டுக்கொண்டு அறைக்குள் போனாள். ஜொஹறா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். நடு மண்டபத்தில் இருமினால் அந்த அறைக்குள் கேட்கும்.

மழை திரும்பத் தூறத் தொடங்கியிருந்தது, ஓட்டில் அதன் சத்தம் மெதுவாகக் கேட்டது. பிள்ளை ஜொஹறாவின் மடியில் கிடந்தது. குழாயை வெட்டச் சொல்லப்போகிறேன், பழையபடி எண்ணெய் விளக்கை வைப்பம், நான் கண்மூடாமல் இருந்து பார்க்கிறேன் என்றாள் றாபியா. மிச்சம் பதின்மூன்று நாள்தானே.

“உம்மா” என்றாள் ஜொஹறா. “அண்டைக்கு விளக்குத் தானா நூரேல்ல.”

றாபியாவுக்கு விளங்கவில்லை.

“எண்ணெய் கிடந்தது. பிள்ளை முதலே போயிட்டான். கையெல்லாம் குளிர்ந்து போச்சு. எனக்கு முகத்தைப் பாக்க ஏலாமக் கிடந்தது. நான்தான் விளக்கை நூத்தனான். இருட்டுக்குள்ள கனநேரம் வைச்சுக்கொண்டு இருந்தனான். பிறகுதான் அழுதனான், நீங்கள் வந்தனீங்கள்.”

றாபியா கேட்டாள், இதை ஏன் ஒரு வருடமாகச் சொல்லவில்லை என்று. பிள்ளை பெற்ற அறை விளக்கைத் தாயே நூர்த்தாள் என்று ஊர் கதைக்குமென்று பயந்ததாகச் சொன்னாள் ஜொஹறா. உம்மா தன்னைத்தானே நொந்துகொண்டு திரிவது தெரியும், ஒவ்வொரு நாளும் சொல்லத்தான் நினைத்தேன் என்றாள். சொல்லும்போது அவள் அழவில்லை. றாபியாதான் அழுதாள். ஒரு வருடமாகத் தன் தோளில் கிடந்த மூட்டை தன்னுடையதே இல்லை என்று தெரிந்தபோது அவளுக்குப் பாரம் குறையவில்லை. அத்தனை நாளும் அது மகளின் தோளிலும் கிடந்திருக்கிறதே என்றுதான் நெஞ்சு வலித்தது. மகளின் தலையை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். முந்தின நாள் சட்டி சுட்ட இடத்தில் பட்டு எரிந்தது, எரியட்டும் என்று விட்டாள்.

கள்ளப்பாட்டுக்கு ஆள் போகவில்லை. அஸர் தொழுதுவிட்டு முதலாளி கொட்டிலுக்குப் போனார். ஈரக் கல்லையெல்லாம் கொட்டிவிட்டு, மாங்குளம் ஸ்டேசனிலிருந்து வந்து கடையில் உடைக்காமல் கிடந்த டிரம்மிலிருந்து கல்லெடுத்துப் போட்டார். தொட்டிக்குள் சீறும் சத்தம் முற்றம் தாண்டிக் கேட்டது. வீட்டைச் சுற்றி வந்து ஏழு திருகையும் பார்த்தார். பிறகு விறாந்தைச் சுவரடியில் வந்து நின்றார். வழக்கமான குரல் வரவில்லை. கேட்பதா, கேளாமல் விடுவதா என்று அவருக்கே தெரியவில்லைப் போலும். நின்றார்.

உள்ளே எண்ணெய் விளக்கு மேசையில் எரிந்துகொண்டிருந்தது. காஸ் வருகிற நேரம் அந்தச் சுடரும் அறைக்குள் இருக்கக்கூடாது. றாபியா முதலில் சுவர் விளக்கின் கீழே போனாள். கையை நீட்டித் திருகைப் பிடித்தாள். பித்தளை குளிர்ந்திருந்தது. வலப்பக்கம் திருப்பினாள், இனித் திரும்பாது என்று நின்ற இடத்தில் இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தாள். பிறகு மேசையடிக்கு வந்து குனிந்து ஊதினாள்.

அறை இருண்டது. வெளியே மாரி மேகத்தோடு பொழுது படுகிற நேரம், ஓட்டிடுக்கால்கூட வெளிச்சம் வரவில்லை. தடவித் தடவிக் கட்டிலடிக்கு வந்து இருந்து, பிள்ளையின் வயிற்றில் கையை வைத்தாள். வயிறு ஏறியது, இறங்கியது. திரும்ப ஏறியது. ஜொஹறாவின் கை வந்து அந்தக் கையின்மேல் இருந்தது.

“பூட்டியாச்சு” என்றாள் றாபியா.

வெளியே ‘டொக்’ கேட்கவில்லை. அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

“நான் பூட்டினனான்” என்றாள் திரும்பவும், சுவருக்குக் கேட்கும்படி. “தூக்குங்கோ.”

‘டொக்’ என்றது. விதானையார் எழுந்து நின்றுகொண்டார். சற்று நேரத்தில் மண்டபத்தில் வெளிச்சம் வந்து திரைக்குக் கீழால் ஒரு கோடாகத் தெரிந்தது. கடையில், குசினியில், விறாந்தையில் என்று முதலாளி ஒவ்வொன்றாகக் கொளுத்திக்கொண்டு போகிற காலடி கேட்டது. பிறகு அவர் குரல் யன்னலுக்கு வெளியே வந்தது. இன்னும் அந்த அறையில் வெளிச்சத்தைக் காணவில்லையே, குச்சி இல்லையா என்று கேட்டார்.

நெருப்புப் பெட்டி றாபியாவின் மடியில்தான் இருந்தது.

“இருக்கு” என்றாள். “பிள்ளை நித்திரை. கொஞ்சத்தால கொளுத்திறன்.”